ப்ளக்-இன் கோளாறு

"ஏம்மா, இதையெல்லாம் ஒரு ப்ளக்-இன்னுன்னு எந்த தைரியத்துல விக்கிறீங்க?"

இசையமைப்பாளர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேஜையை ஓங்கித் தட்டினார். மைக் ஸ்டாண்ட் குலுங்கியது. மூலையில் கீபோர்டுக்கு வயர் சொருகிக்கொண்டிருந்த மச்சான் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"மன்னிக்கணும் சார். என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க, பார்த்துடலாம்," என்றாள் எதிர்முனையில், சுருதி திருத்தும் ப்ளக்-இன் மென்பொருளை விற்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பெண்.

"இதுக்கு முன்னாடி பேசினவர்கிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சாச்சு. இப்ப நீங்க வந்திருக்கீங்க. மறுபடியும் முதல்லேர்ந்தா?"

"உங்க பேரைப் பார்த்ததும் நான்தான் சார் இந்த போன் காலைக் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

இசையமைப்பாளர் மச்சானைப் பார்த்து, 'கேட்டியா?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் கோபம் இறங்கிவிடவில்லை.

"டிவி சீரியலுக்கு டைட்டில் பாட்டும்மா. சாயங்காலத்துக்குள்ள குடுத்தாகணும். டைரக்டர் உயிரை எடுக்கிறார். ஒரு புதுப் பொண்ணு பாடியிருக்கு. சுருதியைத் திருத்தலாம்னு உங்க ப்ளக்-இன்னை அந்தக் குரல் மேல போட்டா, போட்டாலும் ஒண்ணுதான், எடுத்தாலும் ஒண்ணுதான். இம்மி வித்தியாசம் இல்ல! ஊரை ஏமாத்துறீங்களா?"

"உங்க ஸ்க்ரீனை நான் பார்க்க அனுமதி குடுங்க சார். பாட்டையும் கொஞ்சம் ஓட விடுங்க."

அவர் ஓட விட்டார். பல்லவி அறையை நிறைத்தது. அது முடிந்ததும் போனை நோக்கிக் குனிந்தார்.

"ஹலோ! இருக்கீங்களா, ஓடிட்டீங்களா?"

"இருக்கேன் சார். கேட்டுட்டுத்தான் இருந்தேன். சுருதி எந்த வரியில விலகுது?"

"எந்த வரின்னா? அங்கங்கதான். அது பாடும்போது எனக்கு போன் மேல போன். ஒவ்வொண்ணா உக்காந்து கேட்டுட்டிருக்க முடியுமா? புதுசுன்னாலே விலகத்தான் செய்யும். மெஷின் பார்த்துக்கும்கிற தைரியத்துலதானே எல்லாம் மைக் முன்னாடி வந்து நிக்குதுங்க!"

"எனக்கு நல்லாத்தான் கேட்டுது மாமா," என்றான் மச்சான்.

"நீ வாயை மூடு. உனக்கு மிக்ஸி ஓடினாலும் நல்லாத்தான் கேக்கும்." போன் பக்கம் திரும்பினார். "நான் எதையும் மறைச்சுப் பேசுற ஆள் இல்லம்மா. அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். பாதிப் பாட்டை மெஷின்தான் பாடப்போகுது, அதனால டைட்டில்ல உன் பேரு வராதுன்னு. தலையை ஆட்டிட்டுப் போயிடுச்சு."

"சரிங்க சார். மத்த ப்ளக்-இன் எல்லாத்தையும் அணைச்சுடலாம். சில சமயம் வேற கம்பெனியோடது எங்களோடதை வேலை செய்ய விடாது."

"அதானே! பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில போடுங்க!"

முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். பிறகு அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதிலும் மோதல் இல்லை. ப்ளக்-இன் புதிய பதிப்புதான். ஒலிப்பதிவு மென்பொருளை மூடித் திறந்தும் பார்த்தாகிவிட்டது. குரல் அப்படியே இருந்தது.

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? உங்க சரக்கே டப்பா!"

"இன்னும் ஒரே ஒரு சோதனை சார். காலியா ஒரு புது ப்ராஜெக்ட் திறந்து எங்க ப்ளக்-இன்னை மட்டும் போடுங்க. மைக்ல நீங்களே ஒரு வரி பாடுங்க."

இசையமைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, கையை நீட்டி, அதே பல்லவியைப் பாடினார்.

திரையில் ஒரு சிவப்புக் கோடு மேலும் கீழுமாகத் தள்ளாடியது. கூடவே ஓடிய பச்சைக் கோடு அதை இழுத்துப் பிடித்து நேராக்கிக்கொண்டே வந்தது.

"சிவப்பு நீங்க பாடினது சார். பச்சை, ப்ளக்-இன் திருத்தினது. நல்லாத்தானே வேலை செய்யுது?"

மச்சானுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கு இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்றார் இசையமைப்பாளர் விறைப்பாக.

"இப்ப அந்தப் பொண்ணு பாடினதை இங்க கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். ஓட விட்டார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுல ஏன் ஒரே கோடு தெரியுது? சிவப்பு எங்க போச்சு?"

"ரெண்டும் இருக்கு சார். ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. ப்ளக்-இன் ஆரம்பத்துலேர்ந்தே வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கு. திருத்தத்தான் அதுக்கு ஒண்ணும் கிடைக்கல."

அவர் பாட்டைக் கடைசிவரை ஓட்டினார். சரணத்தின் உச்சியில்கூடப் பச்சை சிவப்பை விட்டு விலகவில்லை. மச்சான் இப்போது இருமவில்லை. பக்கத்தில் வந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, சரி," என்றார் இசையமைப்பாளர். மேஜையைத் தட்டிய கை மடியில் கிடந்தது. "அப்ப இப்படியே அனுப்பிட வேண்டியதுதான். போனை வெச்சுடட்டுமா?"

"ஒரு நிமிஷம் சார். பாதியை மெஷின் பாடப்போகுதுன்னு நீங்க சொன்னதை நம்பித்தான் அன்னிக்குத் தலையை ஆட்டிட்டு வந்தேன்," என்றாள் அவள். இவ்வளவு நேரம் இருந்த பணிவு அந்தக் குரலில் இல்லை. "முழுப் பாட்டும் நான் பாடினதுதான்னு இப்ப உங்க கண்ணாலயே பார்த்துட்டீங்க. டைட்டில்ல போட என் பேரை எழுதிக்குங்க, அன்னிக்கு நீங்க அதைக் கேக்கவே இல்ல."