பெனால்டிக்கு எழுந்து போகிறவர்

“எழுந்திரு, கிழவா. பெனால்டி கொடுத்துட்டான். வெளியே போ,” என்றாள் கோக்கா, மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

நசரேனோ முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். பச்சை அணிக்குப் பெனால்டி கிடைத்தால் அவர் இருக்கையில் இருக்கக் கூடாது என்பது நீல அணியைக் கொண்டாடும் அந்தக் குடும்பத்துச் சட்டம். கல்யாணமான புதிதில் அவர் தின்பதற்கு ஏதோ வாங்கப் போன நேரத்தில், பச்சைக்காரன் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ பெனால்டி கோலாகியும் கோக்கா அந்த ராசியை விடவில்லை.

“இந்தப் புதுப் பையனையும் கூட்டிட்டுப் போ. அவன் மூஞ்சியும் ராசியில்லாத மூஞ்சியா இருக்கு.”

எசெக்கியேல் அவசரமாக எழுந்தான். அவன் பரம்பரைப் பச்சைக்காரன். கோக்காவின் மகள் லூசிலாவைக் கட்டிக்கொள்வதற்காக, ‘நானும் நீலம்தான்’ என்று வாய் கூசாமல் சொல்லி வைத்திருந்தான். பச்சைக்காரனுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காத வீடு அது. லூசிலாவோ பந்து என்றாலே அலுத்துக்கொண்டு கடற்கரையில் கிடந்தாள்.

லீக் ஆட்டமென்றால் மைதானத்துக்குச் சொந்தமான அணியின் ரசிகர்களை மட்டும்தான் விடுவார்கள். கடற்கரை ஊரான மார் தெல் பிளாத்தாவின் இந்தக் கோடைக் கோப்பைக்குத்தான் இரண்டு பக்கமும் வரலாம். எதிரே அவன் சனம் ஆடிப் பாடிக்கொண்டிருக்க, இவன் நீலச் சட்டைக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான்.

படிக்கட்டுக்கு அடியில், ஆளில்லாத மூலையில் நசரேனோ நின்றார்.

“தம்பி, முதல் பாதியில பச்சைக்காரன் அடிச்ச பந்து மயிரிழையில வெளியே போச்சே. அப்ப நீ தலையில கை வச்சே. பார்த்துட்டேன்.”

“அது... வெயில், மாமா.”

“வெயிலா?”

பொய்யைச் சுமந்து சுமந்து அவனுக்கு அலுத்துவிட்டது.

“இல்ல மாமா. நான் பச்சை. என்ன வேணா திட்டுங்க. லூசிலாவை மறந்துடுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

மேலே எதிர்ப்பக்கம் அதிர்ந்தது. பச்சைக்குக் கோல்.

நசரேனோ தொப்பியைக் கழற்றி வாயில் அழுத்திக்கொண்டு குதித்தார். பிறகு எசெக்கியேலை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“முப்பது வருஷமா இந்தத் தொப்பிக்குள்ளதான் கத்திக்கிட்டிருக்கேன், மாப்ளே. கோக்காவோட அப்பாகிட்ட நானும் உன்னை மாதிரிதான் சொல்லி வச்சேன். கோக்காவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்.”

இருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினார்கள்.

கோக்கா நகர்ந்து இடம் விட்டாள். கணவரின் கையிலிருந்து கசங்கிய தொப்பியை வாங்கி, அதன் ஈரத்தைத் தன் நீலச் சட்டையில் துடைத்து, அவர் தலையில் வைத்தாள்.

“இந்தத் தடவை துணைக்கு ஆளும் அனுப்பினேனே,” என்றாள் மெதுவாக. “கொஞ்சம் சத்தமாத்தான் கத்தியிருக்கக் கூடாதா?”