புபுனின் சட்டை

கொடியில் ஐந்து சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆறாவதைக் காணோம். மௌமிதா மூங்கில் வேலியோரம், குளத்துப் படி, வாழையடி எல்லாம் தேடிவிட்டு வந்து, காய்ச்சலில் துவண்டு கிடந்த மூன்று மாத மகன் புபுனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொதித்தது.

"போட்டுக் கழட்டின சட்டையா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு பிசாகா அத்தை.

"ஆமா அத்தை. நேத்துதான் தொவைச்சுப் போட்டேன்."

"புள்ள உடம்புல பட்ட துணிய எதுக்கு எடுப்பாங்கன்னு நான் வேற சொல்லணுமா? வெளிய தேடாத. வீட்டுக்குள்ள தேடு." அவள் கண் முற்றத்துக்கு எதிரே இருந்த அறைக்குப் போயிற்று.

அது ஓரகத்தி தபதியின் அறை. அவளுக்கு மூன்று முறை தங்கிய கரு ஒன்றுகூட நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. கணவனுக்கு சூரத்தில் கொத்து வேலை. ஐப்பசியில் துர்க்கா பூஜைக்கு வந்து போனதோடு சரி.

புபுன் பிறக்குமுன், இறந்துபோன மாமியாரின் புடவைகளை அடுக்கிக் குழந்தைக்குக் காந்தா மெத்தை தைத்துத் தருகிறேன் என்று தபதி ஆசையாகக் கேட்டாள். "உனக்கெதுக்குக்கா சிரமம்" என்று மௌமிதா நழுவிவிட்டாள். அப்படிச் சொல்லச் சொன்னது பிசாகா அத்தை. தபதி சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளாக அவள் போக்கே சரியில்லை. பங்குனி வெயிலிலும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடமாடினாள். பகலில் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே கத்தரிக்கோல் ஓசை மட்டும் கேட்கும்.

அன்று தபதி எங்கே என்று சொல்லாமல் வெளியே போயிருந்தாள். மௌமிதா அந்த அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள்.

சட்டை அதில்தான் இருந்தது. மாமியாரின் புடவைத் துணிமேல் மல்லாக்க விரித்து, நெஞ்சிலும் இரண்டு கைகளிலும் ஊசி குத்தி வைத்திருந்தது. அதன் கீழே அதே புடவையில் தைத்த சின்ன மெத்தை, நடுவில் சிவப்பு நூலில் பாதி முடிந்த தாமரை.

மௌமிதா எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சோறு கொதித்துக்கொண்டிருந்தது, பானையை இறக்கிவிட்டு மண்ணடுப்புக்குள் திணித்தாள்.

"ஒரு நூலுகூட மிச்சம் வைக்காத" என்றாள் பின்னால் வந்த பிசாகா அத்தை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தபதி. அடுப்பைப் பார்த்ததும் நேரே வந்து வெறுங்கையை நெருப்புக்குள் விட்டு மெத்தையை இழுத்தாள். கருகிய ஒரு ஓரம்தான் கையோடு வந்தது.

"என் புள்ளைய என்ன பண்ணப் பாத்த?" மௌமிதா கத்தினாள். "பச்சப் புள்ள சட்டையில ஊசி குத்தி வச்சிருக்கியே, உனக்கு மனசு எப்படி வந்துச்சு?"

"வெட்டும்போது துணி நகரக் கூடாதுன்னு குத்தினேன்டி." கொப்புளம் கிளம்பிய விரல்களைத் தபதி வாயருகே கொண்டுபோய் ஊதினாள். "அளவு பாக்க இந்த வீட்டுல வேற புள்ளச் சட்டை ஏது? கேட்டிருந்தா நீ குடுத்திருப்பியா?"

"பொய் சொல்லாத. எந்தப் புள்ளைக்கு அளவு?"

தபதி பிசாகா அத்தையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மௌமிதாவிடம், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லச் சொன்னாள்:

"எனக்கு இது அஞ்சாம் மாசம், மௌ."