நீலப்பூப் பீங்கான்

'சிலீர்!'

கொல்லையில் சத்தம். பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்த வடிவம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் அவள் புருஷன் நாறும்பூநாத பிள்ளை அங்கே நின்றார்.

கிணற்றடியில் காயவைத்திருந்த பீங்கான் சட்டி சுக்குநூறாய்க் கிடந்தது. பக்கத்தில் விளக்குமாறும் கையுமாய், கொல்லை கூட்டும் இசக்கி.

பாளையங்கோட்டைத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விட்ட ஏலத்தில் பிள்ளை எடுத்த சட்டி. வெள்ளை வெளேரென்று, நீலப்பூப் போட்டு, ஒற்றைக் கைப்பிடி வைத்தது. மகளைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்துக்காரர்கள் வரும் இன்று அதில்தான் பாயசம் என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

"வெள்ளைக்காரன் புழங்கினதாச்சே" என்று வடிவம்மாள் அன்றைக்கே இழுத்தாள்.

"மண்சட்டிதான்டி தீட்டை உறிஞ்சும். பீங்கான்ல எதுவும் ஒட்டாது. ஒரு கழுவு கழுவினா போச்சு!"

அப்படிச் சாஸ்திரம் சொன்னவர் இப்போது சாமியாடினார்.

"மூதேவி! அதைத் தொட்டியா?"

"விளக்குமாறு பட்டுட்டுய்யா."

"உடையாம இருந்தாலும் எந்தக் கங்கையில கொண்டுபோய் முக்குறது? நீ தொட்டது துலங்குமா?"

"பீங்கான்ல ஒட்டாதுன்னு நீங்கதான..."

"வாயைப் பாரு! நாளைக்கு இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்!"

வாசலில் வண்டி வந்து நின்றது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய ஓடினார் பிள்ளை.

வடிவம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏட்டி இசக்கி, அந்தத் துரை பங்களாவுலயே பத்து வருசம் வேலை பார்த்தவ. ஒரு சாமான் உடைச்சதில்லைன்னு சொல்லுவே. இன்னைக்கு என்ன வந்துது? இருந்த பிழைப்பும் போச்சே!"

இசக்கி வாசல் பக்கம் பார்த்துவிட்டுப் பைய சொன்னாள்.

"தெரிஞ்சுதான் தட்டிவிட்டேம்மா. வந்தவுக யாராச்சும் கண்டுக்கிட்டா கல்யாணமே நின்னுரும். உடைஞ்சா என் வேலை மட்டுந்தான போவும்."

"எதைக் கண்டுக்கிட்டா?"

"அது துரை கட்டிலுக்கு அடியில வைக்கிற சட்டி. ராத்திரி எந்திரிச்சு வெளிய போகச் சடைஞ்சுக்கிட்டு அதுலதான் ஒண்ணுக்கு இருப்பாரு. விடிஞ்சதும் கொட்டிக் கழுவுறது நாந்தான்."

வடிவம்மாள் சில்லுகளை விட்டு எட்டி விலகினாள்.

"ஐயையோ! நாலு நாளா அவுக அதுலல்லா மோர்ச்சோறு பெசஞ்சு திங்கிறாவ!"

"ஒட்டாதும்மா. ஐயாவே சொன்னாவல்லா" என்ற இசக்கி, குனிந்து சில்லுகளைக் கூட்டத் தொடங்கினாள்.