கடல் ஏன் கறுப்பு?

"கிளாடிஸ் டீச்சர், ஒரே சந்தேகத்தை ஒரு மாசமா கேக்காங்கன்னா கோளாறு யாருகிட்ட? பிள்ளைங்ககிட்டயா, உங்ககிட்டயா?"

தலைமையாசிரியை அற்புதமணி கிளாடிஸைத் தன் அறைக்கு வரவழைத்துக் கேட்டார்.

"திரேஸ்புரத்துல இருந்து சிலுவைன்னு ஒருத்தர் வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு. அவர் மக மெட்டில்டா வாரம் ஒருநாள் இருட்டுன பிறகுதான் வீட்டுக்கு வாராளாம். நீங்க நிறுத்தி வைக்கீங்களா?"

"இல்லம்மா. அவளா வாரா. அவகூட கடைசி பெஞ்சுல இருக்கிற மத்த நாலு பேரும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் ஒருத்தி நோட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கிறா."

"என்ன சந்தேகமாம்?"

"கடல் ஏன் கறுப்பா இருக்குன்னு."

அற்புதமணி தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. கோடை விடுமுறையில் மெட்ராஸில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் கிளாடிஸுக்குக் கொடுத்தார்கள். தொள்ளாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் பிடித்த படம். மன்னார் வளைகுடா முழுக்க அதில் இருந்தது. உப்பளங்கள் கட்டம் கட்டமாக. புதுத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் நகக்கீறல் மாதிரி. கடல் மட்டும் மை கொட்டியது போல் ஒரே கறுப்பு.

ஒன்பதாம் வகுப்பு பூகோளத்துக்கு அதைவிட நல்ல பாடம் எது? ஆசை ஆசையாக நடத்தினாள். அந்தக் கேமரா பிடிக்கிற வெளிச்சத்தைத் தண்ணீர் உள்ளே வாங்கிக்கொள்ளும், மேலே திருப்பி அனுப்பாது, அதனால்தான் கறுப்பு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

"அடுத்த வாரத்துல இருந்து அந்தப் படம் வேண்டாம். அட்லஸ் போதும்" என்று முடித்துவிட்டார் அற்புதமணி.

அன்று கிளாடிஸ் போல்டன்புரம் வீட்டுக்கு நடந்தே போனாள். கதவைத் திறந்ததும், "அம்மா, இன்னைக்கு என்ன சொல்லிட்டாங்க தெரியுமா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. நாற்பத்தொரு வயதாகியும் வேறு துணை யாரும் அவளுக்கு வாய்க்கவில்லை.

காலையில் வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். ஜன்னல் வழியே ரேடியோ சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். தனக்குப் பாடம் நடத்தவே வரவில்லையோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

மறுநாள் காலை வகுப்பில் நுழைந்ததும் சொன்னாள்: "எல்லாரும் பேப்பர் எடுங்க. டெஸ்ட்."

ஐந்து கேள்விகள். எல்லாமே அந்தப் படத்தைப் பற்றி.

மதியச் சாப்பாட்டை மறந்து திருத்தினாள். முப்பத்தாறு பேரில் ஒருத்திகூடத் தவறவில்லை. கடைசி பெஞ்சு ஐந்து பேரும் முழு மதிப்பெண். மெட்டில்டா, கிளாடிஸ் நடத்தாததையும் சேர்த்து எழுதியிருந்தாள்: 'தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் மண் கலந்து வரும். அப்போது ஆறு சேருமிடம் இவ்வளவு கறுப்பாக இருக்காது.'

விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு ஓடினாள்.

அற்புதமணி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. சரி, படம் இருக்கட்டும். நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

கிளாடிஸ் வாசல் வரை போனபோது அவரே கூப்பிட்டார்.

"ஆமா, இவ்வளவு தெரிஞ்சவளுங்க எதுக்குத் தினமும் வந்து கேக்கிறாளுங்க? உங்கள வச்சுக் கேலி பண்ணுதாங்களோ?"

சந்தோஷமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

சாயங்காலம் மணியடித்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் கிளாடிஸ் மட்டும் இருந்தாள். கதவோரம் மெட்டில்டா வந்து நின்றாள். கையில் நோட்டு.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"என்ன?"

"அந்தப் படத்துல கடல் ஏன்..."

கிளாடிஸ் விடைத்தாளை எடுத்து மேஜை மேல் அறைந்தாள்.

"இதை எழுதினது யாரு?"

மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான், டீச்சர்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கேக்கிறியா? உங்க அஞ்சு பேரால பெரிய டீச்சர் முன்னால நான் தலைகுனிஞ்சு நின்னேன். பாடமே நடத்தத் தெரியலன்னு ராத்திரி பூரா தூங்கல. என்னயப் பாத்தா உங்களுக்குக் கேலியா இருக்கா?"

கிளாடிஸின் குரல் உடைந்தது. மெட்டில்டாவுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"கேலி இல்ல டீச்சர், மாதா சத்தியமா இல்ல. சுதந்திர தினத்தன்னைக்கு முட்டாய் வாங்கிட்டு எல்லாரும் போயிட்டோம். நான் குடைய விட்டுட்டுப் போயி, சாயங்காலம் அத எடுக்க வந்தேன். நீங்க மட்டும் வீட்டுக்குப் போகாம பூட்டுன வகுப்பு வாசல்ல உக்காந்திருந்தீங்க."

"அதுக்கு?"

மெட்டில்டா தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் டீச்சர், பள்ளிக்கூடம் விட்ட பிறகு உங்க கூட இருக்கிறதுக்கு அஞ்சு பேரும் ஆளுக்கொரு நாள் முறை வச்சிருக்கோம்."