எல்லைக்குள் நூறு பேர்

ஒரகடம் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பழவேற்காடு ஏரியில் படகோடு நின்ற அப்பாவிடம் போனில் கத்தினாள் தென்றல்.

"ஆந்திராவுலேர்ந்து நூறு பேர் நம்ம எல்லைக்குள்ள பூந்து மீன அள்றாங்கன்னு நீயே சொல்ற. நீ வலைய சுருட்டிக்கினு சும்மா கீறியா?"

"அவங்க வூட்ல கொயந்தைங்க பசியா கெடக்கும்மா."

"நேத்து ஒரே ஒரு ஆந்திரா படகு வந்ததுக்கு மல்லுக்கு நின்னியே!"

"அந்தப் படகும் இங்கதான் கீது. அவனும் வலைய சுருட்டிட்டான். நீயே பாரு."

வீடியோவில் ஏரியே வெள்ளையாக அசைந்தது. ஆந்திரப் பக்கம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கூழைக்கடாப் பறவைகள் பை போன்ற அலகுகளை ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறக்கின. இரண்டு மாநிலப் படகுகளும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

தென்றலின் குரல் தானாகத் தணிந்தது.

"சத்தம் போடாதப்பா… அதுங்க சாப்புடட்டும்."