சத்தம் போடுகிற கம்ப்ரஸர்

"ரெண்டுலயும் காத்து ஒரே அளவுதாங்க. இது பூனை மாதிரி ஓடும். அது ஊரையே கூட்டும்," என்று படங்களைக் காட்டினார் சபாபதி. மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டு வரவழைக்கப்பட்ட கம்ப்ரஸர் விற்பனைக்காரர் அவர்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனி நடத்தும் பாக்கியநாதன், பொம்மைகளுக்கு மெருகுக் கலவையைப் பீய்ச்சி அடிக்கும் ஆராயியைக் கூப்பிட்டார்.

"அடிக்கப்போறவ நீ. எது வேணும், சொல்லு."

"சத்தம் போடறதையே வாங்குங்க மொதலாளி. மத்தியானம் நீங்க வூட்டுல படுத்திருந்தாலும், இங்க வேலை நடக்குதுன்னு உங்களுக்குக் கேக்கும்."

பாக்கியநாதன் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா சார், எங்க ஆளுங்கள?"

சத்தக்காரக் கம்ப்ரஸரே வந்து இறங்கியது.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் சபாபதி அதைச் சோதித்துப் பார்க்க வந்தார். கொட்டகைக்குள் கம்ப்ரஸர் அலறிக்கொண்டிருந்தது. அதன் குழாய் வெறும் காற்றைச் சீறியபடி தரையில் கிடந்தது. பக்கத்தில் ஆராயியும் நான்கு பெண்களும் முந்தானையை விரித்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சபாபதி பதறிப்போய் சுவிட்சை அணைத்தார்.

ஆராயி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"போட்டுவுடுங்க சார். மொதலாளி முழிச்சிக்கப்போறாரு."