ஊதாக் காக்கா

"என்ன கண்றாவி இது?"

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெரியக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கூடத்துச் சுவரில் ஆளுயரப் பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த மரம். வெட்டுத் துணிகளில் இலைகள். பழைய காலண்டர் தாளைக் கசக்கி ஒட்டிய மேகம். கிளையில் வெல்வெட் துணியில் ஒரு பறவை.

"காக்கா, அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"எந்த ஊர்ல காக்கா ஊதாவா இருக்கு? இலை சிவப்பு, மேகம் பச்சை! தையல் கடையில வேலை பார்க்கிறவளுக்கு நிறம்கூடவா தெரியாது?"

"நல்லாத்தான் இருக்கு. மாத்தற மாதிரி இல்லை."

பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். இன்னும் மோசம். அது தம்பியின் பலகை. கடைகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவன் அவன். அவன் எழுதிய பலகையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் இந்தக் குப்பையை ஒட்டி வைத்திருக்கிறாள் மகராசி!

தம்பிக்குக் கண் போன புதிதில், தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் ஆறு மாதம் உள்ளங்கையில் வைத்துத் தாங்கியவள் பெரியக்கா. சாப்பாட்டை ஊட்டித்தான் விடுவாள். காபியை ஆற்றி, தானே டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைப்பாள். சட்டைப் பொத்தானைக்கூட அவனைப் போட விட்டதில்லை. கத்தி, கத்தரி, ஊசி எல்லாம் பரண்மேல் ஏறிவிட்டன.

அப்புறம் ஒருநாள் இவள் வந்து நின்றாள். "என் வீட்டுக்காரரை நான் பார்த்துக்கறேன்" என்று விறைப்பாகச் சொல்லி அழைத்துக்கொண்டு போனாள்.

பார்த்துக்கொள்கிற லட்சணம் இதோ தெரிகிறதே! தரையெல்லாம் தகரத் துண்டு, கம்பி, துணிப் பொட்டலம். கண் உள்ளவனே காலை வைக்க யோசிப்பான்.

"எங்கே அவன்?"

"குளிச்சிட்டிருக்கார்."

"தனியாவா?"

"குளிக்கிறதுக்கு எதுக்கு அண்ணி கூட்டம்?"

பெரியக்கா பதில் சொல்வதற்குள், தலையைத் துவட்டிக்கொண்டே தம்பி வந்தான். "தெருமுனை வரைக்கும் கேட்குதே அக்கா குரல்!" என்று சிரித்துக்கொண்டே, சுவரைத் தொட்டபடி நடந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஆசையாக அவன் கைகளைப் பிடித்த பெரியக்கா அலறிவிட்டாள்.

விரலுக்கு விரல் பிளாஸ்திரி. கட்டை விரலில் புத்தம் புதிதாக ஒரு வெட்டு.

"அடிப்பாவி! வீடு பூரா தகரத்தைப் பரப்பி வெச்சு, என் தம்பி கையைக் கிழிச்சிட்டியே!"

தம்பி வாயைத் திறந்தான். மனைவி முந்திக்கொண்டாள்.

"தகரம்னா வெட்டத்தான் செய்யும் அண்ணி."

"மனசுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா? எல்லாத்தையும் வாரி வெளியே போடு. இப்பவே!"

"போட மாட்டேன்."

"அப்ப நான் இவனைக் கூட்டிட்டுப் போயிடுவேன். திருப்பி அனுப்ப மாட்டேன். குப்பை வேணுமா, புருஷன் வேணுமா? ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்தான் வேணும். ரெண்டும் இங்கேதான் இருக்கும்."

பெரியக்காவை எதிர்த்து இப்படிப் பேச அந்தக் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் நாக்கு எழுந்ததில்லை. பெற்ற பிள்ளைகளே பம்முவார்கள். இவளோ கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தாமல் நிற்கிறாள்!

"நீ போடாட்டி நான் போடறேன். முதல்ல இந்தக் காக்கா தொலையட்டும்!"

பாய்ந்து போய்க் காக்காவின் கழுத்தைப் பிடித்தாள் பெரியக்கா.

"அக்கா, அதை விடு!" தம்பியின் குரல் உயர்ந்தது. "பசை இன்னும் காயலை. குளிக்கப் போறதுக்கு முன்னாடிதான் ஒட்டினேன்."

பெரியக்காவின் கை அப்படியே நின்றது. விரல்களில் பசை பிசுபிசுத்தது.

"யாரு... நீயா?"

"நான்தான். தகரம் வெட்டறது, தாள் கசக்கறது, ஒட்டறது எல்லாம் நான்தான். அவ கடையிலேருந்து வெட்டுத் துணி கொண்டு வருவா, அவ்வளவுதான். இறகு மாதிரி மெத்துனு இருக்கணும்னு தடவிப் பார்த்து வெல்வெட்டை எடுத்தேன். என்ன நிறம்னு நான் கேட்கலை. அவளும் திருத்தலை." தம்பி சிரித்தான். "ஊதாவா அது? நீ சொல்லித்தான் தெரியுது."

பெரியக்கா அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? இவ்வளவு பேச்சையும் ஏன் வாங்கிக்கிட்டு நின்னே?"

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்" என்றான் தம்பி. "தெரிஞ்சா, நீ முதல்ல கத்தரியைப் பிடுங்குவே."

"பிடுங்காம? எத்தனை வெட்டுடா!" பெரியக்கா கிட்டே வந்து அவன் விரல் பிளாஸ்திரிகளைத் தடவினாள். "என் வீட்ல ஆறு மாசம் இருந்தியே. உன் கையில ஒரு கீறல் விழ விட்டிருப்பேனா?"

தம்பி குனிந்து, நாற்காலிக்கு அடியில் இருந்த கத்தரியைச் சரியாக எடுத்துக்கொண்டான்.

"விழலைக்கா. உன் வீட்ல எனக்குக் கையே இல்லையே!"